சுவருக்கு வெளியே ஐந்து காலைகள்

1

பக்கத்து ஊரில் மணல்வாரி அம்மை. மூன்று பிள்ளைகள் உடம்பெல்லாம் சிவந்து கிடக்கின்றன. நான்காவது பிள்ளை போன ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனது. அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு நிலக்கடலைக் காடும் ஒரு சந்தையும்தான். சந்தைக்கு எல்லாரும் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டுதான் போவார்கள். அதனால் இன்று காலை எடை பார்க்கும் இடத்தில் பதிவேட்டைப் பிரித்து, தட்டம்மை ஊசி போடாத பிள்ளை யார் என்று விரல் வைத்துத் தேடினேன். ஒரே ஒரு பேர். யாக்கூபு. ஆண். ஒரு வயது. அவன் வரிசையில் எல்லாக் கட்டமும் வெள்ளையாகக் கிடந்தது. அவன் அம்மா செத்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம்.

"சிஸ்டர், அந்தப் பேரையே எம்புட்டு நேரம் பாப்பீங்க?" என்றாள் ஃபாத்தி. என்னோடு வேலை பார்க்கும் இந்த ஊர்க்காரி, நாற்பது வயது. நான் பேச நினைப்பதை இவர்கள் பாஷையில் சொல்வதும், இவர்கள் சொல்வதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்வதும் அவள்தான். என் காதில் விழும்போது எல்லாமே திண்டுக்கல் பேச்சாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்.

இது கானாவின் வடக்கு. ஊர்ப் பேரை எழுதமாட்டேன். நான் திண்டுக்கல்லில் பிறந்தவள். பாலசமுத்திரம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருபத்தெட்டு வருஷம் சைக்கிள் மிதித்து ஓய்வு பெற்றவள். இந்த நாட்டுத் தலைநகரில் வேலை பார்த்த என் மகன், "ஆறு மாசம் வந்து இருந்துட்டுப் போங்கம்மா" என்று கூப்பிட்டான். வந்த இடத்தில் சும்மா இருக்க முடியாமல் ஒரு தொண்டு அமைப்பில் பேர் கொடுத்தேன். மகன் கனடாவுக்குப் போய்விட்டான். பனியில் உட்கார்ந்து டிவி பார்க்க எனக்கு ஏலாது என்று நான் இங்கேயே தங்கிவிட்டேன். ஐந்து வருஷம் ஓடிவிட்டது. வேப்பமரக் கிளையில் தராசைக் கட்டி, பிள்ளைகளைத் தொங்கவிட்டு எடை பார்க்கிறேன். மருந்து கொடுக்கிறேன், கத்துகிறேன். எனக்கு வாய் அதிகம் என்று இங்கேயும் பேர் வாங்கியாகிவிட்டது.

அந்த வெள்ளைக் கட்டங்களுக்கு நான்தான் காரணம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம்ம திண்டுக்கல் பக்கத்து ஊர்க்காரர்கள் படியுங்கள், இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

2

என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்கு லோடு பிடித்துக் கொடுக்கிறவர். கேரளாவுக்குக் காய் ஏற்றிப்போன லாரியில் கூடப் போனவர் வேறு வண்டியில் பொட்டலமாக வந்தார். எனக்கு அப்போது முப்பத்தைந்து. மகனுக்கு ஒன்பது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். அதே தெரு, அதே வீடுகள்தான். ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்புகிற ஆண்கள் என் சைக்கிள் வருகிறதைப் பார்த்தால் திரும்ப உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். இவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளை நான்தான் பிடித்து எடுத்தேன், அட நாசமாய்ப் போக!

ஒரு வீட்டில் பிள்ளை கால் முதலில் வந்தது. ஜீப்பிலேயே பிரசவம் பார்த்து, நீலமாகக் கிடந்த பிள்ளையை ஊதி ஊதி அழ வைத்தேன். அந்தப் பிள்ளைக்குத் தொட்டில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு சின்னக் கவுன் வாங்கிக்கொண்டு போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு வெகுளி.

பிள்ளையின் அப்பத்தா வாசலுக்கே வந்து மறித்தார். முகத்தில் கோபம் கிடையாது, பேச்சில் ஒரு சொல் மரியாதைக் குறைவு கிடையாது.

"ஏனுங்க சிஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. நல்ல காரியம் நடக்குற எடமுங்க. கூப்பிட்டா வரலாமுங்க. நீங்களா வந்து நின்னா நாலு பேரு சங்கடப்படறாங்கல்லங்க. ஒரு வாய் காப்பி இங்கயே கொண்டாறச் சொல்றேன், குடிச்சுப்போட்டுப் போங்க."

"இல்லீங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். உள்ளே அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. கவுனைப் பழனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அவள் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பாள்.

அன்றிலிருந்து பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் கூப்பிடாமல் நான் காலெடுத்து வைத்ததில்லை. தெருவில் நின்று சைக்கிள் மணி அடிப்பேன். "சிஸ்டர் வந்திருக்காங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். பெற்றவள் பிள்ளையோடு வெளியே வருவாள். அங்கேயே தொப்புள் பார்த்து, காய்ச்சல் பார்த்து, எழுதிக்கொண்டு போய்விடுவேன். இருபது வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். எந்தக் குறையும் வரவில்லை. மேலதிகாரிகள் பாராட்டக்கூடச் செய்தார்கள்.

சாவு வீட்டுக்கு மட்டும் யாரும் என்னைத் தடுத்ததில்லை. அங்கே யாரையும் கூப்பிடுகிற வழக்கமும் இல்லையே.

3

சலாமத்து என்பவள் யாக்கூபின் அம்மா. இருபது வயதுதான் இருக்கும். கர்ப்பமாக இருக்கும்போது மாதம் தவறாமல் வேப்பமரத்தடிக்கு வருவாள். என் கைப்பையைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற துணிச்சல் அவளுக்கு மட்டும்தான் உண்டு. புருஷன் தெற்கே கொக்கோத் தோட்டத்தில் வேலை. வீட்டில் அவளும் மாமியார் அசாராவும்தான். வலி வந்த வேகத்தில் மருத்துவச்சியைக் கூப்பிட்டு வீட்டிலேயே பெற்றுக்கொண்டாள். எனக்கு விடிந்தபின்தான் தெரிந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். இங்கே வீடுகள் வட்டமாக, நடுவில் முற்றம், சுற்றிலும் மண்சுவர், நுழைய ஒரே வழி. அந்த வழிக்கு எதிரே நின்று மணி அடித்தேன். யாரும் வரவில்லை. உள்ளே பிள்ளை அழுகிற சத்தம், நல்ல திடமான அழுகை. யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். சரி, சுகமாகத்தான் இருக்கிறார்கள், கூப்பிடுவார்கள் என்று திரும்பிவிட்டேன்.

இரண்டாம் நாளும் போனேன். மூன்றாம் நாளும் போனேன். பக்கத்து வீட்டிலிருந்து வெளியே வந்த ஒரு கிழவரிடம், எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில், அந்த வீட்டில் எப்படி என்று கேட்டேன். இந்த ஊரில் நலம் விசாரித்தால், வீடு எப்படி, பிள்ளை எப்படி, வேலை எப்படி என்று எதைக் கேட்டாலும் நல்லபடி என்றுதான் பதில் வரும். பதில் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான்காம் நாள் பிள்ளையின் அழுகை மட்டும் கேட்டது. ஐந்தாம் நாள் கால் மணி நேரம் நின்றேன். காற்றில் புழுதி, கண்ணைத் திறக்க முடியவில்லை. நுழைகிற வழியில் கதவுகூடக் கிடையாது, ஒரு பாய்தான் தொங்கியது. கையால் ஒதுக்கினால் போதும்.

ஒதுக்கவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஐந்து நாள் வந்து நிற்கிறேன், வாங்க என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லையா, இங்கேயும் அதே கதைதானா என்று மனசுக்குள் வைதுகொண்டே திரும்பினேன். இருபது வருஷக் கோபத்தையெல்லாம் அந்தப் பாயின் மேல் காட்டினேன்.

மற்ற வீடுகளில் ஃபாத்திதான் முன்னால் உள்ளே போய் என்னைக் கூப்பிடுவாள்; அந்த வாரம் அவள் தன் சித்தப்பா சாவுக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். ஏழாம் நாள் பேர் வைக்கிற வரைக்கும் பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்கள் யாரையும் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டால் பிள்ளைக்கு ஆகாதாம். வருகிறவர்கள் தாங்களாக உள்ளே வரவேண்டும். வயதான பெண் வந்தால் எந்த வீட்டிலும் தடுக்கமாட்டார்கள்.

ஆறாம் நாள் காலை அலறல் கேட்டுத்தான் ஓடினேன். அன்றைக்குப் பாயை ஒதுக்கிக்கொண்டு நேரே உள்ளே போனேன். எந்த அழைப்பையும் எதிர்பார்க்கவில்லை பாருங்கள். சாவுக்குத்தானே.

பிரசவக் காய்ச்சல். அறைக்குள் அந்த வாடையே சொல்லிவிட்டது. மூன்றாம் நாள் பார்த்திருந்தால் ஊசியும் மாத்திரையுமாகக் காப்பாற்றி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றி ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். இருபத்தெட்டு வருஷ அனுபவம் இருந்தது, பையில் மருந்து இருந்தது. எல்லாம் சுவருக்கு வெளியேயே நின்றது.

4

தாய் இறந்தால் ஒரு படிவம் நிரப்பவேண்டும். எங்கேயும் உள்ளதுதான், நம்மூரிலும் நிரப்பியிருக்கிறேன். தாமதம் எங்கே நடந்தது என்று அதில் ஒரு கேள்வி. மூன்று பெட்டிகள். குடும்பத்தார் முடிவெடுக்கத் தாமதம். வழியில், வாகனத்தில் தாமதம். ஆஸ்பத்திரியில் தாமதம். நர்ஸ் வாசலில் நின்று ரோஷப்பட்டதால் தாமதம் என்று நான்காவது பெட்டி இல்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாம், இடம் இருந்தது. நான் முதல் பெட்டியில் டிக் அடித்தேன்.

பயந்துவிட்டேன், வேறு ஒன்றும் இல்லை. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. ஊர் ஊராக என் பேர் அடிபடுமே என்று பயம். அழுதுகொண்டேதான் டிக் அடித்தேன். அழுதால் மட்டும் அது பொய் இல்லை என்று ஆகிவிடுமா?

இரண்டு வாரம் கழித்து மேலே இருந்து ஆட்கள் வந்து, ஊர்த் தலைவர் வீட்டு முற்றத்தில் எல்லாரையும் கூட்டி அதைப் படித்துச் சொன்னார்கள். மாமியார் ஐந்து நாள் மறைத்து வைத்ததால் மருமகள் இறந்தாள் என்று. இனி யாரும் இப்படிச் செய்யக்கூடாது என்றார்கள். அசாராவை முன்னால் வரச் சொன்னார்கள். தலைவர் காலடியில் குந்தி உட்கார்ந்து, முதுகில் அந்தப் பிள்ளையோடு, தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டாள். நான் இரண்டாவது வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அதன்பின் அவள் அடிபம்புக்கு மத்தியான வெயிலில்தான் வருகிறாள், மற்ற பெண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து. பிள்ளையை எடைக்குக் கொண்டுவந்ததே இல்லை. பக்கத்து வீட்டு மைமூனா தன் பிள்ளையோடு சேர்த்து யாக்கூபுக்கும் பால் கொடுத்து வளர்த்தாள். ஃபாத்தி நாலைந்து தடவை போனாள். ஊசி என்ற பேச்சை எடுத்ததும் அசாரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். நான் போகவே இல்லை. எந்த முகத்தோடு போவது?

5

மணல்வாரிச் செய்தி வந்த அன்று மகனிடம் வீடியோவில் பேசினேன். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவனிடம் கொட்டினேன்.

"அம்மா, நீங்க வாலன்டியர்தானே. உங்க மேல எப்படி வரும்? விடுங்கம்மா. மொதல்ல டிக்கெட் போடுறேன், கிளம்பி வாங்க."

"ஏலே, நான் டிக்கெட்டா கேட்டேன்?"

அப்போது என் பேத்தி எட்டிப் பார்த்தாள். ஒன்பது வயது, தமிழ் காதில் விழும், நாக்கில் வராது. யார் செத்தது என்று ஆங்கிலத்தில் அவனைக் கேட்டாள். "யாருமில்லை" என்று அவனும் ஆங்கிலத்திலேயே சொன்னான். பிள்ளை பயந்துவிடுமே என்றுதான் சொல்லியிருப்பான். ஆனாலும் எனக்கு வந்ததே ஒரு கோபம்! சலாமத்து யாருமில்லையா? போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் பஸ் பிடித்து, அந்தப் படிவம் போன ஜில்லா சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் தவறாக எழுதிவிட்டேன், திருத்தவேண்டும் என்றேன். அங்கிருந்த இளைஞர் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். போன வருஷத்துக் கோப்பு மேலே போய்விட்டது, திருத்தம் என்றால் மேற்பார்வையாளர் கடிதம், இரண்டு நகல், முத்திரை எல்லாம் வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க நல்ல மனுஷி, எதுக்கு உங்க பேரை நீங்களே கெடுத்துக்கணும்?" என்றார். மூன்று பெட்டியில் எதில் மாற்றவேண்டும் என்று கேட்டார். எதிலும் இல்லை என்றேன். அப்படியானால் கம்ப்யூட்டர் ஏற்காது என்றார்.

ஓய்வூதியத்துக்காக நான் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் திண்டுக்கல்லுக்குச் சான்று அனுப்புகிறேன். அதில் ஒரு எழுத்து தவறினாலும் திருப்பி அனுப்புவார்கள், நானும் சலிக்காமல் திருத்தி அனுப்புவேன். இதைத் திருத்த மட்டும் எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். காகிதத்தில் ஆகாது என்றால் வாயால் சொல்லவேண்டியதுதான். எனக்கு வாய் உண்டே.

6

இன்று எடை பார்த்து முடித்ததும் ஃபாத்தியைக் கூட்டிக்கொண்டு நேரே போனேன். பாயை ஒதுக்கி உள்ளே நுழைந்தேன். அசாரா கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். யாக்கூபு அவள் மடியில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தான். நல்ல கனமான பிள்ளை, தராசில் போடாமலே தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிடச் சொன்னேன். மைமூனாவும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள்.

தரையில் உட்கார்ந்து சொன்னேன். ஐந்து நாளும் வந்தேன், வெளியே நின்றேன், உள்ளே வரவில்லை. படிவத்தில் பொய் எழுதினேன். அசாரா யாரையும் மறைக்கவில்லை. அவள் மேல் பழி போட்டது நான்.

ஃபாத்தி சொல்லி முடித்தாள். மைமூனா வாயில் கைவைத்துக்கொண்டாள்.

அசாரா கடலை உடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள். "தெனமும் உன் சைக்கிள் மணி கேக்கும். மணி கேட்டதும் அவ எந்திரிச்சு உக்காந்து முந்தியச் சரிபண்ணிக்குவா. டாக்டரம்மா வாரா, டாக்டரம்மா வாராம்பா. கடைசி நாள் உக்கார முடியல. தலையை மட்டும் தூக்குனா."

எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை, ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் உள்ள வரல? நாங்க உனக்கு என்ன செஞ்சோம்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம். உண்மையைத்தானே சொல்ல வந்தேன், முழுசாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என் புருஷன் செத்துவிட்டார், எங்கள் ஊரில் புருஷன் செத்தவள் பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குத் தானாகப் போகக்கூடாது, போனால் பிள்ளைக்கும் தாய்க்கும் ஆகாது என்பார்கள், அந்தப் பழக்கத்தில் நின்றுவிட்டேன் என்றேன். ஃபாத்திக்குப் புரியவில்லை. "புருஷன் செத்ததுக்கும் வாசலுக்கும் என்ன சம்பந்தம் சிஸ்டர்?" என்று கேட்டாள். மூன்று தடவை விளக்கினேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அசாராவின் கை நின்றது.

"என் புருஷன் செத்துப் பதினோரு வருஷம்" என்றாள். "புள்ளையக் கையில வாங்குனது நான். அவளுக்கு வெந்நி ஊத்துனது நான். வயித்தத் தடவிவிட்டது நான். அஞ்சு நாளும் அவளைத் தொட்டது என் கை மட்டுந்தான்."

பெண்கள் அவளையே பார்த்தார்கள்.

"அதனாலயா செத்தா?"

"இல்ல! இல்ல தாயி! அது சும்மா, அர்த்தமில்லாத பேச்சு!" என்று கத்தினேன். கத்தியது தமிழில். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன், ஃபாத்தி சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். அது பொய், எங்கள் ஊர் ஆட்களின் மடத்தனம், செத்தது கிருமியால் என்று.

"கிருமி கை வழியாப் போவும்னு நீதான சொல்லிக்கொடுத்த" என்றாள் அசாரா. "அது பொய்யின்னா இம்புட்டுப் படிச்சவ நீ ஏன் அதுக்குப் பயந்து வெளியில நின்ன?"

 மடியில் ஏறப் பார்த்த பிள்ளையை அவள் மெதுவாக இறக்கி மைமூனா பக்கம் தள்ளிவிட்டாள்.

7

சாயங்காலம், இதை எழுத உட்காரும் முன்னால், யாக்கூபுக்கு ஊசி போட்டுவிட்டேன். அழுதான், உடனே அடங்கிவிட்டான். பதிவேட்டில் முதல் தடவையாக அவன் கட்டத்தில் தேதி எழுதினேன். தூக்கி வந்தவள் மைமூனா.

அசாரா ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"அவ இனிமே புள்ளையத் தொடமாட்டாளாம், சிஸ்டர். என்னையே வச்சுக்கச் சொல்லிட்டா" என்றாள் மைமூனா. "எனக்குப் புருஷன் இருக்கான்ல, அதனாலயாம்."